ஒரே புளோக்குல இருந்துட்டா பழகிட்டதா அர்த்தமா?

இந்த மாசம் மட்டும் இது மூணாவது புகை கேஸ். சிங்கப்பூர்ல பக்கத்து வீட்டுச் சண்டைக்காரங்கள உக்கார வச்சுப் பேச வைக்கிறது என் வேலை, ஆளுங்க விவரத்த மாத்திதான் சொல்றேன். நம்மாளு வீட்டு சாம்பிராணியில சீன ஆன்ட்டிக்கு இருமல், சீனரோட ஏழாம் மாசம் செத்துப்போனவங்களுக்காக ஆன்ட்டி கீழ எரிக்கிற காகிதச் சாம்பல் பறந்து வந்து இவங்க காயப்போட்ட துணியில. பதினொரு வருஷமா ஒரே காரிடார், ஒருத்தர் பேரு இன்னொருத்தருக்குத் தெரியாது, ஆனா புளோக்கப் பராமரிக்கிற டவுன் கவுன்சிலுக்கு எழுதின புகார் மட்டும் தேதி நேரத்தோட கட்டுக்கட்டா இருக்கு.

கேட்டா ரெண்டு பக்கமும் ஒரே பதில், "நாங்க எல்லா இனத்தோடவும்தான இருக்கோம்". இருக்கீங்க, யாரு இல்லன்னா? 1989லேருந்து வீவக (அரசாங்க வீடமைப்புக் கழகம்) புளோக்குல ஒவ்வொரு இனத்துக்கும் இத்தன விழுக்காடுன்னு வரம்பு இருக்கு, கலந்துதான் இருந்தாகணும். அது வீடு வாங்க விக்க வச்ச கணக்கு, நீங்க பேசலன்னா அது என்ன செய்யும்? லிஃப்டுல போன நோண்டிகிட்டே பன்னெண்டு மாடி ஏறுறீங்க, கோப்பிக் கடையில பக்கத்து மேசையில முதுகக் காட்டி உக்காந்து சாப்புடுறீங்க, ஜூலை 21 இன நல்லிணக்க நாளுன்னு பிள்ளைக்கு வேற இனத்து உடுப்பு மாட்டி போட்டோ எடுக்குறீங்க, இதுல எங்க பழகுனீங்க? (அந்தத் தேதி 1964 இனக் கலவரத்துக்காகன்னு எத்தன பெத்தவங்களுக்குத் தெரியும்னு கேக்குறதயே நான் விட்டுட்டேன்.) பேசாம தெனம் மூஞ்சிய மட்டும் பாத்துகிட்டிருந்தா, புகை வர்ற ஒவ்வொரு தடவையும் "இவங்களே இப்படித்தான்"னு மனசுல கசடு ஏறிகிட்டேதான் போகும்.

கோர்டன் ஆல்போர்ட்னு ஒரு அமெரிக்க உளவியல் அறிஞர் 1954லயே சொல்லிட்டாரு, வெறுப்பு கொறையணும்னா சரிசமமா, ஒரே காரியத்துக்காக, சேந்து செய்யணும், அதிகாரத்துல உள்ளவங்க ஆதரவும் வேணும்னு. 2006ல பெட்டிக்ரூ, ட்ராப்னு ரெண்டு ஆய்வாளர்கள் 515 ஆய்வுகள சேத்துப் பாத்தப்ப, அந்த நாலும் முழுசா இல்லாட்டியும் பழகுனா வெறுப்பு கொறையுதுன்னுதான் வந்துச்சு. அவங்களே 2008ல எழுதுனதுல, அடுத்தவங்க பண்பாட்டப் பத்தித் தெரிஞ்சுக்கிறதவிட, பயம் விட்டுப்போறதுதான் அதிகமா உதவுதாம். அதனால தீபாவளி ஏன் கொண்டாடுறோம்னு போர்டு வைக்கிறதுலயே நின்னுடாதீங்க.

முதல்ல பேரக் கேளுங்க. புகார் எழுதுறதுக்கு முன்னாடி கதவத் தட்டுங்க. முறுக்குத் தட்டோட மட்டும் போகாதீங்க, ஒருநாள் ஏணி இரவல் கேட்டும் போங்க, எப்பவும் குடுக்குறவராவே நின்னா சரிசமம் எப்படி வரும்? தயவுசெஞ்சு போன நீட்டி வீடியோ எடுக்காதீங்க, அது வந்துட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. இன்னொண்ணு, "ஞாயித்துக்கிழமை லிட்டில் இந்தியா பக்கமே போக மாட்டேன், ஒரே ஊர்க்காரங்க கூட்டம்"னு சொல்றீங்களே, வெளிநாட்டுத் தொழிலாளர் டார்மிட்டரியிலேருந்து வர்ற அந்தத் தம்பிங்கள்ல நிறையப் பேரும் தமிழ்தான் பேசுறாங்க, இதுவும் அதே வியாதிதான்.

அந்தக் கேஸா? வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு சாம்பிராணி, அந்த நேரம் ஆன்ட்டி ஜன்னல சாத்திக்கிறாங்க. துணி விஷயம் இன்னும் முடியல, அடுத்த வாரம் மறுபடி உக்காரணும்.