நான்கு மாத இருட்டிலும் ஊரை விட்டுப் போகாத டைனோசர்கள்

டைனோசர் என்றதும் புழுங்கும் காடும் சதுப்பு நிலமும்தான் நினைவுக்கு வரும். அலாஸ்காவின் வடகோடியில் ஓடும் கோல்வில் ஆற்றங்கரைக்குப் போனால் கதை வேறு. 1961இல் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் புவியியலாளர் ராபர்ட் லிஸ்கோம்ப் அங்கே சில எலும்புகளைக் கண்டெடுத்தார். மறு வருடமே பாறைச் சரிவில் சிக்கி இறந்துபோனார். அவை டைனோசரின் எலும்புகள் என்று 1980களில்தான் தெரிந்தது. அதுவரை நிறுவனத்திலேயே தூங்கின.

சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதி இன்றைவிடத் துருவத்துக்கு அருகில் இருந்தது. குளிர்காலத்தில் நான்கு மாதம் போலச் சூரியன் தலைகாட்டாது. சரி, எவ்வளவு குளிர்? இலைப் படிவங்களின் விளிம்பு ஒரு துப்பு. வெப்ப நாடுகளில் மா, பலா, ஆல் போல விளிம்பு வழவழப்பான இலைகள்தான் அதிகம். குளிர் கூடக்கூட ரம்பப் பல் விளிம்புள்ளவை பெருகும். நம் வேம்பு இதற்கு அடங்காது. அதனால்தான் ஒரு மரத்தை வைத்து முடிவு செய்யாமல் மொத்தக் காட்டின் விகிதத்தைப் பார்க்கிறார்கள். அலாஸ்காவில் கிடைத்த விடை: ஆண்டுச் சராசரி 5, 6 டிகிரி செல்சியஸ். பனி பெய்திருக்கும்.

இதைவிட எனக்குப் பிடித்த சாட்சி, அங்கே கிடைக்காத எலும்புகள். அதே காலத்துத் தெற்குப் பாறைகளில் முதலையும் ஆமையும் தாராளமாகக் கிடைக்கின்றன, இங்கே இல்லை. சிறு பாலூட்டிகளின் பொடிப் பற்களே தப்பியிருக்கும்போது, ஆமை ஓடு மட்டும் அழிந்தது என்று சொல்ல முடியாது. வெயிலை நம்பி உடல் சூடேற்றும் பிராணிகளுக்கு அங்கே பிழைப்பில்லை. டைனோசர்கள் உடலுக்குள்ளேயே ஓரளவு சூட்டை உண்டாக்கியிருக்க வேண்டும்.

குளிர்காலத்தில் தெற்கே போயிருக்குமோ? புதைபடிவ ஆய்வாளர் பேட்ரிக் ட்ரக்கன்மில்லரின் குழு ஆற்றங்கரை மண்ணை அலசி, சலித்து, நுண்ணோக்கியின் கீழ் துகள் துகளாகப் பொறுக்கியது. ஓரிரு மில்லிமீட்டரே உள்ள குஞ்சுப் பற்கள் அகப்பட்டன; 2021இல் முடிவுகள் வெளிவந்தன. முட்டையிட்டது அங்கேதான். சில டைனோசர் முட்டைகள் பொரிய ஆறு மாதம் வரை ஆகும். வசந்தத்தில் இட்டிருந்தாலும் கோடை முடியும்போதுதான் குஞ்சு வெளியே வரும். அப்புறம் அந்தப் பொடிசுகளைக் கூட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் எங்கே நடப்பது?

அங்கிருந்த ஊசியிலை மரங்கள் குளிர்காலத்தில் இலை உதிர்ப்பவை. பெரிய தாவர உண்ணிகள் பட்டை, சுள்ளி என்று கிடைத்ததைத் தின்று காலம் தள்ளியிருக்கலாம். சிறியவை வளை தோண்டி உறங்கியிருக்கலாம் என்பது ஊகம். டைரனோசரஸின் உறவான நானுக்சாரஸுக்கு அந்தக் கவலையும் இல்லை. இரைதான் ஊரை விட்டுப் போகவில்லையே!