இளநீர்தானே டாக்டர், அது என்ன செய்யும்?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் போதும், ரத்தத்தில் பொட்டாசியம் எகிறிய நோயாளிகள் வந்துகொண்டே இருப்பார்கள். போன வாரமும் ஒரு பெரியவர். சர்க்கரையால் சிறுநீரகம் பழுதானவர், பொட்டாசியம் 7.1. இருக்க வேண்டியது 3.5 முதல் 5 வரை. இசிஜியில் டி அலைகள் கூர்கூராக நிமிர்ந்து நிற்கின்றன; பொட்டாசியம் இதயத்தைத் தாக்கத் தொடங்கிவிட்டதன் அடையாளம் அது. அவரோ, "லேசா அசதி, அவ்வளவுதான் சார்" என்கிறார். கால்சியம் ஊசி, இன்சுலினோடு குளுக்கோஸ், கடைசியில் டயாலிசிஸ். "சூடு தணியட்டும்னு தினம் ரெண்டு இளநீர் குடுத்தோம். கிட்னிக்கு நல்லதுன்னாங்களே!" என்றார் மகன்.

யார் சொன்னது? ஒரு டம்ளர் இளநீரில் ஏறக்குறைய ஒரு வாழைப்பழத்தின் பொட்டாசியம் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் உபரியை வெளியேற்றிவிடும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தாராளமாகக் குடிக்கட்டும். வடிகட்டும் திறனே குறைந்த சிறுநீரகம் என்ன செய்யும்? சிறுநீரகக் கல் உள்ளவருக்கு யாரோ சொன்ன யோசனையை, சிறுநீரகம் பழுதாகி ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு 4 வரை ஏறியவர் ஏன் பின்பற்ற வேண்டும்? இயற்கையானது என்பதால் இதயம் விதிவிலக்குத் தராது. 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட்டும் அப்படித்தான். சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைத்தான் சேர்க்கிறார்கள். பின்பக்கம் படித்துப் பாருங்கள்.

சிறுநீரகக் கோளாறே இல்லாத இளைஞருக்கு 5.8 என்று வந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது ரத்த மாதிரியை. பட்டையை இறுக்கிக் கட்டி, கையை மூடி மூடித் திறக்கச் சொல்லி எடுத்தாலோ, குழாயில் சிவப்பணுக்கள் உடைந்தாலோ பொட்டாசியம் பொய்யாக அதிகமாகக் காட்டும். (ரத்தம் எடுக்கும் தம்பி தங்கைகளே, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்.) அதற்காக 'லேப் தப்பு' என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அதைச் சொல்ல மறுபரிசோதனை வேண்டும்.

ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றலாம்; அவற்றைச் சாப்பிடுபவர்கள் மருத்துவர் சொன்ன தேதியில் பொட்டாசியம் பாருங்கள். பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், சிறுநீரக நோயாளிக்கு வேண்டவே வேண்டாம். சிறுநீரக நோயாளிக்குச் சமைக்கும்போது காய்களை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடுங்கள்; பொட்டாசியம் அந்த நீரில் இறங்கிவிடும். தயவுசெய்து அந்த நீரில் ரசம் வைக்காதீர்கள்.

அறிக்கையில் பொட்டாசியம் 6-ஐத் தாண்டியிருந்தாலோ, கால் வலுவிழந்து படபடப்பு வந்தாலோ அடுத்த வார ஓ.பி.க்குக் காத்திருக்காதீர்கள். பாதி ராத்திரி என்றாலும் இசிஜி எடுக்க வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துக்கொண்டு.