இடுப்பெலும்பில் மறுபடியும் ஏன் ஊசி?

சித்திக்கு ரத்தப் புற்றுநோய். முதல் கட்ட கீமோ முடிந்து, கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். ரெட்டிச்சாவடி தாண்டும்போது கேட்டார்: "ரத்தத்துல கெட்ட செல் ஒண்ணும் தெரியலைன்னுட்டாங்களேப்பா. அப்புறம் எதுக்கு மறுபடியும் இடுப்பெலும்புல ஊசி?"

அந்தச் செல்களுக்கு எலும்பு மஜ்ஜைதான் வீடு. ரத்தத்தில் கண்ணில் படாவிட்டாலும் வீட்டில் பதுங்கியிருக்கலாம். இடுப்பெலும்பில் ஊசி போட்டுக் கொஞ்சம் மஜ்ஜையை எடுத்துப் பார்ப்பது அதற்குத்தான். அந்த வீட்டுக்கு அவை வழி கண்டுபிடிக்கும் விதம்தான் எனக்கு ஆச்சரியம்.

கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் கண்ணைக் கட்டி விட்டாலும், கருவாடு காயும் பக்கம் எது என்று மூக்கு சொல்லிவிடும். கிட்டப் போகப் போக வாசனை ஏறும். மஜ்ஜையில் இருக்கும் செல்கள் சிஎக்ஸ்சிஎல்12 என்ற சின்னப் புரதத்தைச் சுரக்கின்றன. புற்றுநோய்ச் செல்லின் மேல்சவ்வில் அதை முகரும் மூக்கு உண்டு: சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஏற்பி, சவ்வை ஏழு முறை ஊடுருவித் தைத்த நூல் மாதிரி. எந்தப் பக்கத்து ஏற்பிகளில் அந்தப் புரதம் அதிகம் ஒட்டுகிறதோ, அந்தப் பக்கம் ஆக்டின் என்ற புரத இழைகள் வளர்ந்து சவ்வை முன்னே தள்ளும். பின்பக்கத்தை மயோசின் என்ற இன்னொரு புரதம் சுருக்கி இழுக்கும். செல் ஊர்கிறது.

சரி, பாயும் ரத்தத்தில் முதலில் நிற்க வேண்டுமே? அதற்கு இன்டெக்ரின் என்ற இன்னொரு ஏற்பி. சாதாரணமாக மடங்கிக் கிடக்கும். சிஎக்ஸ்சிஆர்4 உத்தரவு தந்ததும் சட்டென்று நிமிர்ந்து ரத்தக்குழாய்ச் சுவரைப் பற்றிக்கொள்ளும், உப்பனாற்றில் வரும் படகிலிருந்து கரைக்குக் கயிறு வீசிக் கட்டுவது போல. பிறகு செல் சுவரின் இடுக்கில் நெளிந்து உள்ளே போய்விடும்.

ரத்த அணுக்களை உண்டாக்கும் நல்ல மூலசெல்களுக்கும் இதே வழிதான். மஜ்ஜை மாற்று சிகிச்சையில் அவற்றை ரத்தநாளத்தில் ஏற்றினாலே போதும், மஜ்ஜைக்குத் தாமே போய்ச் சேர்கின்றன. அதே மஜ்ஜை புற்றுநோய்ச் செல்லுக்கும் பிழைக்க வேண்டிய சமிக்ஞைகளைக் கொடுத்து, கீமோ மருந்திலிருந்து ஓரளவு காப்பாற்றவும் செய்கிறது. எனக்கு மனசு வலிப்பது இங்கேதான்.

மூக்கை அடைத்துவிட்டால்? பிளெரிக்ஸாஃபோர் அதைச் செய்யும். எச்.ஐ.வி.க்காக ஆராய்ந்த மருந்து. கொடுத்த சில மணி நேரத்தில் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் கூடுவதைப் பார்த்து, மூலசெல்களையும் மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவழைத்துச் சேகரிக்கப் பயன்படுத்தினார்கள். 2008-இல் அமெரிக்கா அதற்கு அனுமதி தந்தது. இதே மருந்தால் புற்றுநோய்ச் செல்களை வெளியே கிளப்பிவிட்டு கீமோ கொடுக்கும் முறையையும் சோதித்திருக்கிறார்கள். அது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

சித்தியிடம் வீட்டுக் கதையை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ வீட்டுக்குள்ளயே போய்ப் பார்க்கட்டும்" என்றார்.