துப்பாக்கி வெடிக்காத ஓட்டப் பந்தயம்

காது கேளாதோருக்கான டெஃப்லிம்பிக்ஸில் 100 மீட்டர் ஓட்டம் துப்பாக்கிச் சத்தத்துக்காகக் காத்திருப்பதில்லை. கைகளை ஊன்றிக் குனிந்திருக்கும் வீரரின் பார்வைக்கு நேரே தரையில் வைத்த சிறு விளக்கு பச்சைக்கு மாறியதும் எல்லோரும் ஒரே கணத்தில் பாய்கிறார்கள். பக்கத்துத் தடத்தில் இருப்பவர் அசைவதைப் பார்த்த பிறகே புறப்பட்டுப் பழகிய ஒருவருக்கு இது எத்தனை பெரிய மாற்றம் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

தன்மதிப்பு என்பது ஒருவர் தம்மைப் பற்றித் தாமே வைத்திருக்கும் மதிப்பீடு. தன் திறன்மீதான நம்பிக்கை அதற்கு வலுவூட்டும் என்றும், அந்த நம்பிக்கை முதன்மையாகத் தானே செய்து வென்ற அனுபவத்திலிருந்தும், அடுத்ததாகத் தன்னைப் போன்றவர் வெல்வதைக் காண்பதிலிருந்தும் பிறக்கிறது என்றும் உளவியல் சொல்கிறது. இந்த இரண்டாவது ஊற்றுதான் பல காது கேளாத குழந்தைகளுக்கு அடைபட்டிருக்கிறது. அமெரிக்கக் கணக்குப்படி அவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவர்கள். சாப்பாட்டு வேளையில் வீடே சிரிக்கும்போது, என்னவென்று கேட்கும் குழந்தைக்கு "ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்" என்ற பதிலே கிடைக்கிறது. சக வீரரும் பயிற்சியாளரும் சைகை மொழியில் பேசும் அணியிலோ, வியூகம் முதல் கேலிப் பேச்சு வரை எதுவும் அந்தக் குழந்தைக்குத் தப்பிப்போவதில்லை.

1924-இல் பாரிஸில் இப்போட்டிகளைத் தொடங்கிய யூஜின் ரூபன்ஸ்-அல்கேயும் காது கேளாதவரே. நன்றாகக் கேட்கும் காதிலேயே குறைந்தது 55 டெசிபல் (ஒலியளவின் அலகு) கேட்கும் திறன் இழப்பு உள்ளவர்தான் இதில் பங்கேற்கலாம். ஆட்டத்தின்போது காது கேட்கும் கருவியைக் கழற்றிவிட வேண்டும். அதனால் களத்தில் எல்லோரும் கண்ணை நம்பியே ஆடுகிறார்கள். இறகுப்பந்தில் (பேட்மிண்டன்) மட்டை பந்தைத் தொடும் ஓசையே அடியின் வேகத்தைக் காட்டிக்கொடுக்கும். அந்தத் துப்பு இல்லாமல், எதிராளியின் தோளையும் மணிக்கட்டையும் படித்தே காலை நகர்த்த வேண்டும். 2022-இல் பிரேசிலின் கஷியாஸ் டு சுலில் மதுரையைச் சேர்ந்த ஜெர்லின் அனிகா மூன்று தங்கம் வென்றது இப்படிப்பட்ட ஆட்டத்தில்தான்.

ஆனாலும் விளையாடுவோரிடம் தன்மதிப்பு கூடுதலாகத் தென்பட்டால், அதை விளையாட்டுதான் தந்தது என்று உடனே முடிவுகட்டிவிட முடியாது. முன்பே துணிவுள்ள பிள்ளைகள்தாம் மைதானத்துக்கு வருகிறார்கள் என்றும் இருக்கலாம். தன்மதிப்பை அளக்கும் கேள்வித்தாளின் மொழியும் சிக்கல் தரும்: சைகையில் சிந்திப்பவரிடம் "நான் பயனற்றவன் அல்லன் என நினைக்கிறேன்" போன்ற எதிர்மறை வாக்கியத்தை எழுத்தில் நீட்டினால், அளக்கப்படுவது மனமா, வாசிப்புத் திறனா என்ற ஐயம் எழும். மேலும், எந்த மைதானம் என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது என்று நான் கருதுகிறேன். பயிற்சியாளர் முதுகைக் காட்டியபடி உத்தரவு போடும் அணியில், காது கேளாத குழந்தை மற்றவர்களைப் பார்த்தே ஓடுகிறது, ஒவ்வொரு முறையும் ஒரு கணம் தாமதமாக.