‘சமூக உள்ளடக்கம்’ என்ற சொல் நமக்கு ஏன் வேண்டாம்

திருவாரூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் போன மாதம் கருத்தரங்கம் நடந்தது. வாசல் பேனரில் ‘கல்வி, சமூக உள்ளடக்கம், மனித உரிமைகள் மற்றும் ஆரோக்கியம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆய்வேட்டுத் தலைப்புகளிலும் தொண்டு நிறுவன அறிக்கைகளிலும் பயிற்சிக் கையேடுகளிலும் பல ஆண்டுகளாக இந்தச் சொல் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. இப்போது மாணவர்கள் இதுதான் சரியான தமிழ் என்று நம்பி மனப்பாடம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். அதனால் இதை எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் ‘சோஷியல் இன்க்லூஷன்’ என்பதற்குத்தான் இப்படி ஒரு தமிழ். இன்க்லூஷன் லத்தீனிலிருந்து வந்தது. ‘க்ளௌதெரே’ என்றால் மூடுதல், அடைத்தல். முன்னால் ‘இன்’ சேர்ந்தால் உள்ளே வைத்து அடைத்தல், ‘எக்ஸ்’ சேர்ந்தால் வெளியே வைத்து அடைத்தல். சமூக ஆய்வில் முதலில் பிரபலமானது இரண்டாவதுதான். 1974இல் பிரான்சில் ரெனே லெனுவார் என்பவர், நாட்டின் வளர்ச்சியில் இடம் கிடைக்காமல் போனவர்களை ‘ஒதுக்கப்பட்டவர்கள்’ என்று பெயரிட்டு எழுதினார். அந்த ஒதுக்கலுக்கு எதிர்ச்சொல்லாகத்தான் இன்க்லூஷன் வந்தது. 1994இல் ஸ்பெயினின் சலமாங்கா நகரில் யுனெஸ்கோ மாநாடு வெளியிட்ட பிரகடனம் அதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் அதை உரிமை ஆக்கியது. அடுத்த ஆண்டே இந்தியாவும் அதை ஏற்றது. வரலாறு இவ்வளவு போதும். சிக்கல் எல்லாம் தமிழில்தான் இருக்கிறது.

‘உள்ளடக்கம்’ என்றால் தமிழ் படித்தவருக்கு என்ன நினைவுக்கு வரும்? புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் பட்டியல். கவிதையின் உருவம், உள்ளடக்கம் என்று விமர்சகர்கள் பிரிப்பார்களே, அது. இப்போது வீடியோ போடுகிறவர்கள் தயாரிப்பதையும் உள்ளடக்கம் என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றே: ஒரு பாத்திரத்துக்குள் இருக்கும் சரக்கு. அப்படியானால் ‘சமூக உள்ளடக்கம்’ என்பது சமூகம் பற்றிய சரக்கு. ஒரு நாவலில் சமூக உள்ளடக்கம் இருக்கலாம். ஒரு ஊரில் அது எப்படி இருக்கும்?

‘இன்க்லூசிவ் எஜுகேஷன்’ என்பதற்கு வைத்த ‘உள்ளடக்கிய கல்வி’ இதைவிடப் பரவலாக இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் தாள்களிலேயே ஏறிவிட்டது. இதில் இலக்கணமே உதைக்கிறது. உள்ளடக்கு என்பது செயப்படுபொருள் கேட்கும் வினை. ‘தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய டெல்டா’ என்று எழுதினால் வாக்கியம் நிற்கும். ‘உள்ளடக்கிய டெல்டா’ என்று மட்டும் எழுதினால், எதை என்று எவரும் கேட்பார்கள். ‘உள்ளடக்கிய கல்வி’யிலும் அதே கேள்விதான், யாரை? அந்த ‘யாரை’ என்ற இடத்தில் நிற்பது ஒரு பிள்ளை. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை, காது கேளாத பிள்ளை, செங்கல் சூளைக்கு இடம் பெயர்ந்த குடும்பத்தின் பிள்ளை. மொழிபெயர்த்தவர் விட்டுவிட்டது அந்தப் பிள்ளையைத்தான். ‘அனைவரையும் உள்ளடக்கிய வளர்ச்சி’ என்று எழுதுகிறவர்கள் இலக்கணத்திலாவது தப்பித்துவிடுகிறார்கள்.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் அந்த ‘அடக்கு’ பற்றியது. திருக்குறளில் அடக்கமுடைமை ஒரு தனி அதிகாரம். ‘அடக்கம் அமரருள் உய்க்கும்’ என்று தொடங்குகிறது. அங்கே அடக்கம் உயர்ந்த குணம், ஏனென்றால் அங்கே ஒருவர் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறார். இன்னொருவர் வந்து அடக்கினால் அதற்குப் பெயர் அடக்குமுறை. மாட்டை அடக்குகிறோம், கலகத்தை அடக்குகிறோம், வாயை அடக்கச் சொல்கிறோம். எங்கள் ஊர்களில் துக்க வீட்டு வாசலில் முதலில் விசாரிப்பதும் ‘அடக்கம் எத்தனை மணிக்கு?’ என்றுதான். தலைமுறை தலைமுறையாக அடக்கி வைக்கப்பட்டவர்களுக்குச் சமமான இடம் கொடுக்கும் கொள்கைக்கு, அடக்கு என்ற வேரிலிருந்தா பெயர் எடுப்பது?

இது வெறும் சொல் சண்டை இல்லை என்பதை வயல் வரப்பில் பார்த்தேன். ஓர் ஆய்வு மாணவருக்குத் துணையாக, நடவு முடித்துக் கரையேறிய பெண்களிடம் போயிருந்தேன். அவர் கையிலிருந்த வினாத்தாளில் ‘உங்கள் பகுதியில் சமூக உள்ளடக்கம் எந்த அளவில் உள்ளது?’ என்று ஒரு கேள்வி. கீழே ஐந்து கட்டங்கள்: மிக அதிகம், அதிகம், ஓரளவு, குறைவு, இல்லை. மாணவர் அப்படியே வாசித்தார். காலில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து, “என்னத்த அடக்கம் பண்றது தம்பி?” என்றார். மாணவர் கேள்வியை இன்னொரு முறை மெதுவாக வாசித்தார். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் யோசித்து, “நாங்க அடக்கமாத்தான் இருக்கோம்” என்றார். மாணவர் ‘அதிகம்’ என்ற கட்டத்தில் டிக் போடப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் நான் கேட்டேன். “அக்கா, கோயில் திருவிழாவுக்கு உங்க தெருவையும் சேர்த்துக்குறாங்களா? வரி வாங்குறாங்களா? சாமி உங்க தெருவுக்கு வருதா?” அவ்வளவுதான். நான்கைந்து பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வரியே வாங்குவதில்லை, வாங்கினால் உரிமை கேட்போம் என்று பயம், என்றார் ஒருவர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன், என்றார் இன்னொருவர். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் எந்தத் தெரு என்று கேட்ட பிறகு குரலை மாற்றுவார் என்று சொன்னவர், அந்தக் குரலை அப்படியே நடித்தும் காட்டினார். வினாத்தாளில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை. ‘அடக்கமாத்தான் இருக்கோம்’ என்ற பதில் ‘சமூக உள்ளடக்கம் அதிகம்’ என்று கணினியில் ஏறியிருந்தால், அந்த அட்டவணையை வைத்து யாரோ ஒருவர் கொள்கை எழுதியிருப்பார். ஆய்வுக்கு ஒப்புதல் வாங்குவதில் அவ்வளவு கறாராக இருக்கிறவர்கள், கேள்வி புரிகிறதா என்பதிலும் அதே கறார் காட்டவேண்டாமா?

உள்ளடக்கத்துக்கு வாதாடும் நண்பர்கள் சிலர் உண்டு. மூலமான லத்தீனிலேயே ‘உள்ளே அடைத்தல்’ என்றுதானே இருக்கிறது, அதற்கு இது பொருத்தம்தானே என்பார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் இன்று ஆங்கிலம் பேசுகிற யாருக்கும் அந்தச் சொல்லில் கதவு மூடும் சத்தம் கேட்பதில்லை, அந்த வேர் அவர்களுக்கு மறந்துபோய் நூற்றாண்டுகள் ஆகின்றன. தமிழில் அடக்கு அன்றாடம் புழங்கும் வினை. வேரை மொழிபெயர்த்தால் பொருள் தானாக வந்துவிடும் என்ற எண்ணம்தான் நம் கலைச்சொற்களில் பாதியைக் கெடுத்திருக்கிறது.

உள்ளடக்கத்துக்குப் போட்டியாக வந்தவையும் சரியில்லை. ‘உட்படுத்தல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். விசாரணைக்கு உட்படுத்துவார்கள், சோதனைக்கு உட்படுத்துவார்கள். பிள்ளையை எதற்கு உட்படுத்துவது? ‘உள்வாங்கல்’ என்று ஒன்று. சாலை உள்வாங்கினால் லாரி கவிழும். நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பூம்புகார்க் கரையில் போய் இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அங்கே ‘கடல் உள்வாங்குது’ என்று ஒரு குரல் கேட்டால் தெருவே ஓடும். சுனாமிக்குப் பிறகு அந்தக் கரைக்கு எத்தனையோ ஆய்வாளர்கள் வந்தார்கள், வந்துகொண்டும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் ‘மீனவர்களின் சமூக உள்வாங்கல்’ என்று தலைப்பிட்ட தாள் இருக்கக் கூடாது.

‘ஒருங்கிணைந்த கல்வி’ நல்ல தமிழ்தான். ஆனால் அது வேறு ஒன்றின் பெயர். 1974இல் நடுவண் அரசு மாற்றுத்திறன் குழந்தைகளைப் பொதுப் பள்ளியில் படிக்கவைக்க ஒரு திட்டம் கொண்டுவந்தது. அது இன்டெக்ரேஷன், ஒருங்கிணைப்பு. அங்கே பள்ளி அப்படியே இருக்கும், பிள்ளைதான் அதற்குத் தக்கபடி மாறவேண்டும். சலமாங்காவுக்குப் பிறகு வந்த கருத்து இதைத் தலைகீழாக்கியது. பிள்ளைக்கு ஏற்பப் பள்ளி மாறவேண்டும். நம்முடைய 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் வரையறையும் இதுதான். குறைபாடு உள்ள பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் சேர்ந்து படிக்கவேண்டும், கற்பிக்கும் முறையும் அவர்கள் தேவைக்கேற்ப மாற்றி அமைக்கப்படவேண்டும். இரண்டும் இருந்தால்தான் அது இன்க்லூஷன். வாசலில் சாய்தளம் கட்டிவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்காரவைப்பது ஒருங்கிணைப்புக்குக்கூடக் காணாது.

இந்த வேறுபாட்டைச் சொல்லத் தமிழில் ஒரு வினை தயாராகவே இருக்கிறது. சேர்த்துக்கொள்.

‘பள்ளியில் சேர்த்தார்கள்’, ‘பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள்’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவதைப் பெற்றோர் செய்கிறார்கள். கட்டணம் கட்டி, பெயர் எழுதி முடிந்தது. இரண்டாவதைச் செய்வது பள்ளி, தன்னவராக ஏற்கிறது. ‘கொள்’ என்ற துணைவினை வந்ததும் பொறுப்பு பள்ளியின் தலையில் ஏறிவிடுகிறது. தெருவில் விளையாடும் பிள்ளைகூட ‘என்னையும் சேத்துக்கோங்கடா’ என்றுதான் கேட்கும். அங்கே எந்த மொழிபெயர்ப்பாளரும் தேவைப்படவில்லை. பந்தியில் சேர்த்துக்கொள்ளவில்லை, பேச்சில் சேர்த்துக்கொள்ளவில்லை, பங்காளியாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்று நம் ஒதுக்கலும் ஏற்பும் எல்லாம் இந்த வினையில்தான் நடந்திருக்கின்றன. அதனால் இன்க்லூசிவ் எஜுகேஷன் ‘எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் கல்வி’. சோஷியல் இன்க்லூஷன் ‘சமூகத்தில் சேர்த்துக்கொள்ளல்’. தலைப்புக்குச் சுருக்கமாக வேண்டுமென்றால் ‘சமூகச் சேர்ப்பு’ என்று எழுதலாம். ‘சேர்க்கை’ மட்டும் வேண்டாம், அது ஜூன் மாதத்து மாணவர் சேர்க்கைக்குப் போய்விட்டது.

நீளமாக இருக்கிறது என்பார்கள். கலைச்சொல் என்றால் ஒரே சொல்லாகப் பெயர்ச்சொல்லாகத்தான் இருக்கவேண்டும் என்ற விதி எங்கிருந்து வந்தது? ‘உள்ளடக்கம்’ என்று பெயர்ச்சொல் ஆக்கியதும் செய்கிறவர் மறைந்துவிடுகிறார். ‘சேர்த்துக்கொள்ளும்’ என்று வினையாக வைத்தால் யார் என்று கேட்கலாம். ஊராட்சியா, பள்ளியா, மருத்துவமனையா? மனித உரிமை பற்றிய எழுத்தில் கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி அது.

இன்னொரு மறுப்பு கனமானது. ‘சேர்’ என்ற வேரிலிருந்துதானே ‘சேரி’யும் வந்தது என்றார் ஒரு தோழர். உண்மை. மக்கள் சேர்ந்து வாழும் இடம் சேரி. ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் கோயிலில் ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கு வீடு ஒதுக்கிய செய்தி வருகிறது. அங்கே சேரி கோயிலைச் சுற்றிய குடியிருப்பு, இழிவு எதுவும் இல்லை. அதே கோயில் கல்வெட்டில், வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு என்றும் வருகிறது. 1960களின் தொடக்கத்தில் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தெய் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தபோதும் அக்கிரகாரம், பிராமணரல்லாதார் தெருக்கள், சேரி என்று ஊர் மூன்றாகத்தான் கிடந்தது. சேர்ந்திருப்பதைச் சொன்ன சொல்லையே ஒதுக்கி வைத்த இடத்துக்குப் பெயராக்கியது நம் சமூகம். அதற்காகச் ‘சேர்’ என்ற வேரை விட்டுவிடவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மீட்டு எடுக்கவேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

அதே தோழர் கேட்டார், ‘சேர்த்துக்கொள்ள நீ யார்? அது மேலிருந்து காட்டும் தயவு மாதிரி இல்லையா?’ தயவு என்ற குறை ஆங்கிலச் சொல்லுக்கும் உண்டு, அங்கேயும் இதே வாதம் நடக்கிறது. ஆனால் தமிழில் ஒரு வசதி, ‘சேர்’ தன்வினையாகவும் வரும். 1940களில் இந்த டெல்டாவில் பண்ணையாட்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். யாரும் அவர்களுக்குத் தயவு காட்டவில்லை, அவர்களாகச் சேர்ந்தார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்கு அந்தச் சேர்தல்தான் காரணம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்ததும், சங்கத்தில் சேர்ந்து கூலி உயர்வு கேட்ட மக்களை அடக்குவதற்காகத்தான். இந்த மண்ணில் சேர்தல் எந்தப் பக்கம் நின்றது, அடக்குதல் எந்தப் பக்கம் நின்றது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. அகராதியைத் திறக்கும் முன், நீங்கள் மொழிபெயர்க்கும் கேள்விக்குப் பதில் சொல்லப்போகிறவரிடம் ஒரு முறை வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். இன்று பலர் ஆங்கில வாக்கியத்தைக் கணினியில் போட்டு, வருவதை அப்படியே வினாத்தாளில் ஒட்டுகிறார்கள். ‘விளிம்புநிலைக் குழுக்களின் உள்ளடக்கம் மற்றும் பங்கேற்பு மற்றும் நலவாழ்வு அணுகல்’ என்று ஒரு வரியைப் பார்த்தேன். அதில் இருக்கும் இரண்டு ‘மற்றும்’களை எடுத்துவிட்டு ‘உம்’ போடக்கூட ஒருவருக்கும் பொறுமை இல்லை. ‘நலவாழ்வு அணுகல்’ என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக முடிகிறதா, போனால் பார்க்கிறார்களா என்பதுதான். அப்படியே கேட்டுவிடலாம்.

அந்த மாணவரின் வினாத்தாளில் அந்தக் கேள்வியை அடித்துவிட்டோம். ஊர்க் கூட்டத்தில் உங்களைச் சேர்த்துக்கொள்கிறார்களா, திருவிழா வரியில் சேர்த்துக்கொள்கிறார்களா, பிள்ளையைப் பள்ளி விழாவில் சேர்த்துக்கொள்கிறார்களா என்று அந்த இடத்தில் மூன்று கேள்விகள் எழுதினோம். ஒவ்வொன்றின் கீழும் ‘இல்லை என்றால், சேர்த்துக்கொள்ளாதவர் யார்?’ என்று ஒரு வரியும் சேர்த்தோம். அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் தலைப்பில் மட்டும் ‘உள்ளடக்கம்’ இருக்கட்டும் என்கிறாராம். அவருக்கும் இந்தக் கட்டுரையை அனுப்புகிறேன்.