படத்தை அட்டையிலிருந்து பிய்க்காதீர்கள்

மறுபடியும் அதே கதை. 19-ஆம் நூற்றாண்டு ஸ்டூடியோக்காரர் ஒருவரின் குடும்பப் படங்கள், ஒட்டியிருந்த அட்டையிலிருந்து தண்ணீரில் ஊறவைத்துப் பிய்க்கப்பட்டு, ஓரம் வெட்டப்பட்டு, லேமினேஷனோடு என் மேசைக்கு வருகின்றன. "அட்டை செல்லரிச்சுப் போச்சு, படத்தை மட்டும் காப்பாத்திட்டோம்" என்கிறார்கள். கூடவே ஒரு கேள்வி: "தாத்தா பேரு தெரியுது. பாட்டியைப் பத்தி ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா?" அட்டை இருந்திருந்தால் முடிந்திருக்கலாம்.

அந்தக் காலத்துப் படங்களில் ஸ்டூடியோ நடத்திய கணவர் பெயர் பொன் எழுத்தில் அடியிலேயே அச்சாகியிருக்கும். மனைவி இருப்பது பின்பக்கப் பென்சில் கிறுக்கலில், ஆல்பத்தின் முதல் பக்கத்தில், கடித உறையில், பெட்டிக்குள் மடித்து வைத்த தலைமுடியில். நீங்கள் குப்பை என்று கழிப்பது அவரைத்தான்.

இங்கிலாந்தின் லக்காக் அபே என்ற பழைய மாளிகையில் வாழ்ந்த ஃபாக்ஸ் டால்பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காகித நெகடிவைக் கண்டுபிடித்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். 1832-இல் அவர் மணந்த கான்ஸ்டன்ஸை நமக்குத் தெரிவது கடிதங்களால். வீட்டில் ஆங்காங்கே வைக்கப்பட்ட குட்டி மரக் கேமராக்களைக் கான்ஸ்டன்ஸ் எலிப்பொறி என்றுதான் சொல்வார். வேல்ஸுக்கு எலிப்பொறிகளையும் எடுத்துப் போகிறீர்களா என்று 1835 செப்டம்பரில் கணவருக்கு எழுதிக் கேட்கிறார். 1839-இல் அவரே படமெடுக்க முயன்றதும் கடிதங்கள் வழியேதான் தெரியவருகிறது. கணவன் மனைவி பேச்சுதானே என்று யாராவது அவற்றை அடுப்பில் போட்டிருந்தால்?

அதே வீட்டின் கட்டச் சன்னலை டால்பட் எடுத்த நெகடிவ் 1835 ஆகஸ்டைச் சேர்ந்தது. கேமராவால் எடுத்து இன்றும் மிஞ்சியிருக்கும் நெகடிவ்களில் இதுவே மிகப் பழையது. தபால் தலையைவிடச் சற்றே பெரிது, வெளிறிய ஊதா. அந்த மாதமும் வருடமும் படத்தில் இல்லை. ஒட்டியிருக்கும் அட்டையில், டால்பட்டின் கையெழுத்தில் இருக்கின்றன. எடுத்த புதிதில் சுமார் 200 கண்ணாடிச் சதுரங்களை லென்ஸ் வைத்து எண்ண முடிந்தது என்ற குறிப்போடு. பிய்த்திருந்தால் கையில் மிஞ்சுவது ஒரு மங்கல் துண்டு.

இனி என்னை அதிகம் எரிச்சலூட்டும் வாக்கியம்: "ஸ்கேன் பண்ணிட்டோமே, இனி அசல் எதுக்கு?" ஸ்கேனில் வருவது முகப்பு மட்டும். அட்டையின் தடிமன் வராது. காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி வராது. அதில் சில சமயம் வருடமே இருக்கும், படம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. ஆல்பத்தில் எந்தப் படத்துக்கு அடுத்து எந்தப் படம் என்ற வரிசையும் வராது. பெயரில்லாத பெண் யாரென்று பல நேரம் அந்த வரிசைதான் காட்டிக்கொடுக்கும். இன்னொன்று: டால்பட் காலத்து உப்புக் காகிதப் படங்களில் (உப்பும் வெள்ளிக் கரைசலும் பூசிய காகிதத்தில் எடுத்தவை) சில, வெளிச்சத்தில் மாறாதபடி முழுமையாக நிலைப்படுத்தப்படாதவை. ஸ்கேனர் வெளிச்சமே அவற்றை மாற்றிவிடும். காப்பாற்றுகிறேன் என்று அழிக்கிற வேலை அது.

ஆகவே, எதையும் பிரிக்கும் முன் இருக்கிற நிலையில் படமெடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். பக்கத்தில் ஒரு அளவுகோல். முன், பின், விளிம்பு, திறந்த பக்கம் முழுவதும். பிறகு விளக்கை ஒரு பக்கமாகத் தாழ்த்தி இன்னொன்று. அழிந்த பென்சில் எழுத்தின் பள்ளம் அப்போதுதான் தெரியும். படத்துக்கு ஒரு வரிசை எண் கொடுத்து உறையின் மேல் எழுதுங்கள், மென்மையான பென்சிலால், படத்தை உள்ளே வைக்கும் முன். பால்பாயிண்ட் பேனா கிட்டேயே வரக்கூடாது.

சாய்த்தால் கண்ணாடி போல மின்னி, நெகடிவாகவும் பாசிடிவாகவும் மாறித் தெரிந்தால் அது டாகரோடைப், வெள்ளித் தகட்டில் எடுத்த பழைய வகைப் படம். பெட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பதோடு நிறுத்துங்கள். உள்ளே வெள்ளித் தகட்டின் மேல் இருக்கும் பிம்பம் துணி பட்டாலே போய்விடும். ஒரு தேய்ப்பு போதும், முகம் திரும்ப வராது. யூடியூப் பார்த்து வெள்ளிப் பாலிஷ் போட்டவர்களுக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. தகட்டுக்குப் பின்னால் சீட்டோ முடியோ இருக்கலாம் என்று தோன்றினால், பிரிப்பதைப் பழைய படங்களைப் பாதுகாக்கும் வல்லுநரிடம் விட்டுவிடுங்கள்.

காலம் கணிக்க அட்டை அளவு உதவும். சுமார் 6 × 10 செ.மீ. அட்டையென்றால் கார்ட் டி விசிட், அதாவது விசிட்டிங் கார்டு அளவுப் படம். 1854-இல் பாரிஸில் புகைப்படக்காரர் டிஸ்டெரி காப்புரிமை பெற்ற வடிவம். சுமார் 11 × 16.5 செ.மீ. என்றால் காபினெட் கார்டு, 1860-களின் நடுப்பகுதிக்கு முன் வராது. பின்பக்கத்தில் ஸ்டூடியோ கண்காட்சியில் வென்ற பதக்கத்தின் வருடம் அச்சாகியிருந்தால் அட்டை அதற்குப் பிந்தியது. படம் எடுத்த நாளும் அதுவே என்று முடிவு கட்டாதீர்கள்: நெகடிவைப் பத்திரப்படுத்தி, கேட்டபோது மறுபிரதி போட்டுக் கொடுப்பது ஸ்டூடியோக்களின் வழக்கம்.

மனைவியைத் தேடும்போது கணவர் பெயரிலேயே சுற்றாதீர்கள். இங்கிலாந்து, வேல்ஸில் 1837 ஜூலை முதல் திருமணப் பதிவு உண்டு; அதில் மணமகளின் பிறந்த வீட்டுப் பெயரும் தந்தையின் தொழிலும் இருக்கும். சென்னை மாகாணத்தில் நடந்த ஐரோப்பியர் திருமணம் என்றால் பிரிட்டிஷ் நூலகத்து இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 (N/2) என்ற எண்ணிட்ட வரிசையில் தேடுங்கள். மக்கள்தொகைக் கணக்கில் மனைவியின் தொழில் கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். அதை வைத்து அவர் ஸ்டூடியோவில் வேலையே செய்யவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

வைக்கும் இடத்தில் பாச்சை உருண்டை வேண்டாம், பசை ஆல்பம் வேண்டாம், செலோடேப் வேண்டவே வேண்டாம். அமிலமற்ற காகித உறை, 30 முதல் 50 சதவீத ஈரப்பதம், சமையலறைச் சுவரையும் பரணையும் தவிர்த்த ஓர் அலமாரி போதும். மழையில் நனைந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டால், தயவுசெய்து கத்தியால் பிரிக்காதீர்கள், வெயிலில் போடாதீர்கள். அப்படியே தூக்கிக்கொண்டு அன்றைக்கே என்னிடம் வாருங்கள்.