ஷிட்சு வாங்குகிறவர்கள் முடியைப் பார்க்கிறார்கள், நான் மூக்கைப் பார்க்கிறேன்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும், செங்கோட்டையில் என்னிடம் நாயைக் கொண்டுவருகிறவர்களில் ஷிட்சு வளர்ப்பவர்கள் தவறாமல் கேட்பது ஒன்றுதான்: “டாக்டர், மொட்டை அடித்துவிடலாமா?” வேண்டாம் என்றுதான் சொல்வேன். நமக்கு வியர்ப்பதுபோல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்து, நாக்கிலும் மூக்கின் உட்புறத்திலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஷிட்சுவுக்கு அந்த வழியே குறுகல். முகம் தட்டை, மூக்குத் துவாரம் இடுக்கு, பல நாய்களுக்குத் தொண்டைக்குள் மேலண்ணத்தின் மென்பகுதியும் நீண்டு காற்றை மறிக்கும். முடியை ஒட்ட மழித்தால் தோல் வெயிலில் கருகும், மூச்சு இலகுவாகிவிடாது. ஓர் அங்குலம் விட்டுக் கத்தரித்தால் போதும்.

முன்பெல்லாம் இந்தப் பக்கத்து வீடுகளில் சின்ன நாய் என்றால், நாம் பொமரேனியன் என்று கூப்பிடும் வெள்ளை ஸ்பிட்ஸ்தான். இப்போது மகன் துபாயில், மகள் பெங்களூரில், வீட்டில் பெற்றோர் மட்டும் என்றால், பிள்ளைகள் ஷிட்சு வாங்கித் தருகிறார்கள். துணைக்கு என்றால் நல்ல தேர்வுதான். நான்கிலிருந்து ஏழு கிலோ எடை, சிறிய வீடு போதும், முதியவர்களின் நடைக்கு ஈடுகொடுக்கும், மனிதர் போகிற அறைக்கெல்லாம் பின்னாலேயே வரும். திபெத்திய வழியில் சீன அரண்மனைக்குள் வந்து மடியில் வளர்ந்த இனம் என்பார்கள். காவல் வேலையை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். வாசலில் கட்டிப்போட்டு வளர்ப்பதற்கும் அது ஆகாது.

வெயிலில் எனக்கு மிகுந்த கவலை தருவது கார். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் நாயைக் காருக்குள் விட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு ஐந்தருவிக்குக் குளிக்கப் போகிறார்கள். சாரல் நாள்தானே என்ற நம்பிக்கை. மேகம் சற்று விலகினாலும் மூடிய காருக்குள் சில நிமிடங்களில் அனல் சேர்ந்துவிடும். நாயின் இயல்பான உடல்வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் உயிர் ஊசலாடுகிறது என்று பொருள். மூச்சு கரகரவென்று சத்தமிட்டு, நாக்கு அடர்சிவப்பாகி, எச்சில் கயிறாக ஒழுகினால் நிழலுக்குக் கொண்டுபோய் வயிறும் தொடையும் பாதமும் நனையக் குழாய்த் தண்ணீரை ஊற்றுங்கள். ஐஸ் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். விசிறிக்கொண்டே மருத்துவரிடம் கிளம்புங்கள். வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள், புரையேறிவிடும். நடைப்பயிற்சியும் காலை ஏழு மணிக்குள், அல்லது தார்ச்சாலை ஆறிய பிறகு.

அடுத்தது கண். என் அனுபவத்தில் ஷிட்சுவுக்கு அதிகம் கெடுவது இதுதான். கண்குழி ஆழமில்லாததால் விழி முன்னே துருத்தி நிற்கிறது. சில நாய்களுக்குத் தூங்கும்போதுகூட இமை முழுதாக மூடுவதில்லை. முகத்து முடி உரசுகிறது, தூசி விழுகிறது, கருவிழி காய்ந்து புண்ணாகிறது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னங்காலால் தேய்த்தாலோ, கருவிழியில் நீலமோ வெள்ளையோ படர்ந்தாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். வீட்டில் தாத்தாவின் கண் அறுவைக்குப் பிறகு மிஞ்சிய சொட்டு மருந்து எப்படியும் ஒன்று இருக்கும். அதை எடுத்து விட்டுவிடுகிறார்கள். அவற்றில் பல ஸ்டீராய்டு கலந்தவை. கருவிழிப் புண்ணில் ஸ்டீராய்டு பட்டால் புண் ஆறாமல் ஆழமாகி, விழியே உடைந்துபோகலாம். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. பெரிய நாய் கவ்வியோ, பிடரியை இறுக்கிப் பிடித்ததாலோ விழி வெளியே பிதுங்கிவிடுவதும் உண்டு. உள்ளே தள்ள முயலாமல், சுத்தமான ஈரத்துணியால் மூடிக்கொண்டு உடனே வாருங்கள். கழுத்துப்பட்டைக்குப் பதிலாக மார்புப்பட்டை போட்டால் கழுத்தும் கண்ணும் தப்பிக்கும், மூச்சுக்கும் நல்லது.

முடிக்கு வருவோம். இது விடாமல் வளர்கிற முடி. நம் ஊரில் அதற்கு எதிரி சாரல் மாதங்கள்தான். ஆனியிலிருந்து ஆவணி வரை தரையே ஈரம், காற்றும் ஈரம். நனைந்த முடி அக்குளிலும் காதுக்குப் பின்னாலும் திரிதிரியாகச் சிக்கி, அதற்கடியில் தோல் வெந்து நாற்றமெடுக்கும். ஸ்டீல் சீப்பால் தோல்வரை போகும்படி தினமும் வாருங்கள். சிக்கெடுக்காமல் குளிப்பாட்டினால் முடிச்சு இன்னும் இறுகும். குளித்த பிறகு துண்டால் ஒற்றி, டிரையரைச் சூடில்லாமல் வைத்து அடிவரை உலர்த்துங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். தமிழக-கேரள எல்லையின் இருபுறத்திலும் அதுவே சர்வரோக நிவாரணி என்பது எனக்குத் தெரியும். நாய் அதை நக்கியே தீர்த்துவிடும், மிச்சத்தில் புழுதி ஒட்டும். வாரும்போதே விரல்களின் இடுக்கிலும் காதிலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிடலாம்.

சாப்பாட்டில் ஒன்று மட்டும்: பார்டர் பரோட்டாக் கடை பொட்டலத்திலிருந்து சால்னா ஊற்றிக் கொடுக்காதீர்கள். வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், அத்தனை எண்ணெய் கணையத்தைத் தாக்கும்.

வாங்கும் இடத்தில்தான் பாதித் தொல்லை தொடங்குகிறது. நாற்பது நாள்கூட ஆகாத குட்டிகள் கூடையில் பஸ் ஏறி வருகின்றன. நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்த 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. தாய்ப்பாலின் எதிர்ப்பாற்றல் குறைந்துகொண்டே வருகிற, தடுப்பூசித் தொடர் முடியாத அந்த வயதில் பார்வோ என்னும் வைரஸ் தொற்றினால், இரத்தக் கழிச்சலோடு இரண்டு மூன்று நாளில் குட்டி செத்தே போகலாம். ‘டீகப்’ என்று கூடுதல் விலைக்குத் தருவது தனி இனமும் அல்ல, அளவு குன்றிய குட்டி, அவ்வளவுதான். இந்த இனத்தில் பிறவியிலேயே சிறுநீரகம் சரியாக வளராத கோளாறு பரம்பரையாக வருவதால், தாய், தகப்பன் இரண்டைப் பற்றியும் விசாரியுங்கள். குட்டியின் மூக்குத் துவாரம் கீறல்போல இல்லாமல் திறந்திருக்க வேண்டும். தாய் நாயைச் சற்று நடக்கவிட்டு மூச்சுச் சத்தத்தைக் கேளுங்கள். தாய் கேரளத்தில் இருக்கிறது, குட்டி மட்டும்தான் இங்கே என்று தரகர் சொன்னால், ஆரியங்காவு தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வருவது ஒருநாள் வேலைதான்.